மீதிக்குத் துட்டி

இன்னும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, வாய் கொப்பளிக்க வைத்து, முந்தானையில் சிந்தியதைத் துடைத்து, ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்தும் ஆகிவிட்டது. கரண்டும் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். காற்றாடி கடைசிச் சுற்றைச் சோம்பலாகச் சுற்றி நின்றபோது உலகு அண்ணாந்து பார்த்தாள், சரி, இப்போது கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பேப்பரை நாலாக மடித்து அவளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறேன். காலையில் வேலைக்கு வருகிற மாரிக்கனி குளிப்பாட்டிவிட்டுப் போட்ட பவுடர் கழுத்து மடிப்பில் திட்டுத்திட்டாக நனைந்து கிடக்கிறது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. பாளையங்கோட்டை வெயிலுக்கு நாய்கூடச் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் போய்ப் படுத்துவிடும், மனிதர்கள் கரண்ட் இல்லாத வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிணம்போலக் கிடப்பார்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் அவளுக்கு ஞாபகம் வரும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கட்டிலுக்கு அடியில் பார்த்து, கதவுக்குப் பின்னால் பார்த்து, "மீதி எங்க?" என்பாள். மீதி எங்கள் பூனை. செத்துப்போய்விட்டது. ஒவ்வொரு நாளும் நான்தான் அதை அவளிடம் சொல்கிறேன், ஒவ்வொரு நாளும் அவள் அதை முதல்முறையாகக் கேட்கிறாள். இன்றைக்கு மோர்சாதத்தில் கடைசிக் கவளத்தைத் தட்டிலேயே விட்டுவைக்கவுமில்லை. மீதிக்கு என்று ஒரு பிடி விட்டுவைப்பாள், நானும் எடுத்துப் போட்டுவிட்டதாகச் சொல்லிக் கொல்லையில் வீசிவிட்டு வருவேன். இன்று வழித்து உருட்டி நீட்டினேன், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மென்று விழுங்கிவிட்டாள். அது என்னவோபோல் இருந்தது.

பெயர் வைத்தது அவள்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆன வருஷம், பின்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டது. பார்க்க லட்சணமாக இருந்ததையெல்லாம் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், ஒன்று மட்டும் நின்றது, வயிறு ஒட்டி, கண்ணில் பீளை தள்ளி, கத்தக்கூடத் தெம்பில்லாமல். "வகுத்தது போக மீதி இதுதான்" என்று முந்தானையில் சுற்றித் தூக்கி வந்தாள். எனக்குப் பூனை ஆகாது. மின்வாரியத்தில் வேலை பார்த்தவனுக்குப் பூனை என்றால் டிரான்ஸ்பார்மர் மேல் கருகி விறைத்துக் கிடப்பது, கம்பால் தள்ளிவிட்டுத்தான் பியூஸ் போட வேண்டும், அந்த மயிர் பொசுங்கிய நாற்றம் சட்டையில் ஏறி வீடுவரைக்கும் வரும். என் காலடியில் வந்தால் எத்திவிடுவேன் என்றேன். அவள் மத்தி வாங்கி வேகவைத்து முள் எடுத்துப் பிசைந்து வைப்பாள், அது தின்றுவிட்டு, வாயை நக்கிக்கொண்டு, நேரே வந்து என் மடியில் ஏறும். எத்தவில்லை. ஏன் எத்தவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. "உங்ககிட்ட அப்பிடி என்ன இருக்குன்னு அது வருது?" என்று ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் அன்று ராத்திரி தோசை ஊற்றும்போது தோசைக்கல் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரிப்பில்லை என்று தெரிந்தது. எனக்குள்ளே ஒரு சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றிலும் அவள்தான் கெட்டிக்காரி, கணக்கு, கையெழுத்து, மகளுக்குப் பாடம், என் அண்ணன் தம்பிகளோடு சொத்துப் பேச்சு எல்லாம் அவள். இந்த ஒன்றில் நான் ஜெயித்தேன். ஒரு பூனை மடியில் படுத்ததற்கு இவ்வளவு பெருமை. அது கனக்கும், தொடை மரத்துப்போகும், எழுந்திருக்க மாட்டேன்.

பிறகு அவள் மறக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் பாதியில் பென்சிலை வைத்துவிட்டு, "இது யாரு போட்ட கணக்கு?" என்றாள். அப்புறம் குழம்புக்கு உப்பு, அப்புறம் எங்கள் தெரு, அப்புறம் என் பெயர். கடைசியாக நான். நான் சார் ஆகிவிட்டேன். சில நாள் மீட்டர் பார்க்க வந்த சார், சில நாள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த சார். "உக்காருங்க சார், எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாவ" என்று என்னையே உட்காரவைத்து எனக்குக் காத்திருக்கச் சொல்வாள். பூனையை மட்டும் மறக்கவில்லை. மீதி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அதன் தட்டைத் தப்பாமல் எடுத்துக் கழுவி வைப்பாள், அது சுவரோரம் நடக்கும்போது அவள் கண் கூடவே போகும். நாற்பது வருஷத்துக்கு மேல் கூடப் படுத்தவன் போய்விட்டேன், மீன் தின்கிற பூனை நின்றுவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவள் எங்கள் இருவரையும் பார்ப்பாள். பார்வை பூனைமேல் பட்டு நிற்கும், என்மேல் வராது. அப்போது அதன் காதைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருக்கிறேன். வலிக்கிற மாதிரிதான். அது கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும்.

சிறுநீரகம் என்றார் கால்நடை டாக்டர், வயசும் ஆகிவிட்டது, இனிமேல் செய்ய ஒன்றுமில்லை, கஷ்டப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது, குளியலறையில் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தது, முதுகெலும்பு விரலால் எண்ணலாம்போல் வெளியே வந்தது. கடைசியில் கட்டிலுக்கடியில் சூட்கேசுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. சாகப் போகிற பூனை வெளியே போய்விடும் என்று மாரிக்கனி சொன்னாள், கதவைத் திறந்தே வைத்திருந்தேன், அது போகவில்லை. ஒரு காலைப்பொழுதில் தானாக வெளியே வந்தது, இரண்டு தரம் விழுந்து எழுந்து நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது, ஏற முடியவில்லை, தூக்கி வைத்துக்கொண்டேன். காலை நீட்டி ஒரு உதறு உதறியது. வேட்டி நனைந்தது. சூடாக இருந்தது, பிறகு ஆறிப்போய்ச் சில்லென்றானது, நான் எழுந்திருக்கவில்லை, மாரிக்கனி வந்து "சார், விட்டுருங்க, விறைச்சுட்டு" என்கிறவரைக்கும். கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் குழி தோண்டினேன். உலகு வந்து நின்றாள். மனுஷருக்குப் போடுகிறமாதிரி ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், எல்லாம் தெரிந்தவள்போல் இருந்தாள். நாய் தோண்டிவிடக் கூடாதென்று மேலே உடைந்த சிமெண்ட் ஷீட்டை இழுத்துப் போட்டு, கால் கழுவி, உள்ளே வந்து நகத்துக்குள் மண்ணைக் குடைந்துகொண்டிருக்கிறேன், "மீதிக்குப் பால் வச்சாச்சா சார்?" என்கிறாள். மாரிக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சொன்னேன். அழுதாள். மத்தியானம் கேட்டாள், சொன்னேன், அழுதாள். விளக்குப் பொருத்தும்போது கேட்டாள்.

வடிவு போனில் கத்தினாள். ஓசூரிலிருந்து கத்துகிறாள், பெற்ற மகள், நியாயந்தான். "எதுக்குப்பா அவகிட்ட உண்மையச் சொல்லுதிய? வெளிய போயிருக்கு, வந்துரும்னு சொல்லுங்க. டாக்டரும் அதத்தான சொல்லுதாரு. அம்மைக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுசாலா சாவுது." சரி என்றேன். "நீங்களும் ஒரு பூனைக்குப் போயி இப்பிடி உக்காந்துராதிய. வேணும்னா வேற ஒண்ணு பாக்கச் சொல்லுதேன்." வேண்டாம் என்றேன். ஒரு பூனைதானே. தெருவில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் என்ன கேட்பார்கள், எங்கள் பக்கத்தில் ஒருவர் தவறிவிட்டால் ஊரே துட்டி கேட்க வரும், ஒன்றும் பேசாவிட்டாலும் வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். பூனைக்கு யார் துட்டி கேட்பார்கள்? வயதான ஆள், பூனை செத்ததுக்குக் கண் கலங்கினால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கா என்பார்கள். நான் கலங்கவுமில்லை. வரவில்லை. பொய் சொன்னேன். வெளியே போயிருக்கு, வந்துரும். பொய் சொன்னால் அவள் அழுவதில்லை, தேட ஆரம்பித்துவிடுவாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று "மீதி, மீதி" என்று கூப்பிடுவாள், காய்கறி வண்டிக்காரன் நின்று, "நீங்க இன்னிக்கு ஒண்ணும் வாங்கலியே பாட்டி, என்ன மீதி?" என்பான். மாரிக்கனி தன் பங்குக்கு, "குட்டி போடப் போயிருக்கும்மா" என்றாள். உலகு அவளை ஏற இறங்கப் பார்த்து, "கடுவன் எப்பிடிட்டி குட்டி போடும்?" என்றாள். அந்தத் தெளிவெல்லாம் எங்கிருந்து வருகிறதோ. என்னைப் பார்த்தால் மட்டும், "சார், எங்க பூனையப் பாத்தியளா?"

ஒருநாள் அவள் கேட்டைத் திறந்து தெருமுனை வரைக்கும் போய்விட்டாள். யாரோ பைக்கில் வந்தவர் இறங்கிக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டார், கால் செருப்பில்லாமல் தாரில் வெந்திருந்தது. தண்ணீர் ஊற்றினேன், எண்ணெய் தடவினேன். உள்ளங்கால் சிவந்து கன்றிப்போயிருக்கிறது, அவளோ என் தலைக்கு மேல் பார்த்துக்கொண்டு, "வந்துட்டா சார்?" என்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "செத்துப்போச்சு. மீதி செத்துப்போச்சு உலகு. மண்ணுக்குள்ள போட்டு மூடியாச்சு." சத்தமாகத்தான் சொன்னேன். அவள் முகம் அப்படியே நின்றது, பிறகு கீழுதடு துடித்தது, வாய் கோணிற்று, குழந்தையின் முகம்போல் எல்லாம் நடுவில் வந்து குவிந்தது, சத்தம் வந்தது. அப்புறம் குனிந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். என்னை. "ஏங்க" என்றாள். "ஏங்க, நீங்க தனியாவா குழி தோண்டுனிய? இடுப்பு வலிக்குமே உங்களுக்கு. என்னக் கூப்பிட்டுருக்கலாம்லா." என் கையை எடுத்துப் பார்த்தாள், கொப்புளம் இருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவினாள், கண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது, "அது உங்க மடியிலதான கெடக்கும், உங்களுக்கு எப்பிடி இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரந்தான். பால் பொங்கி அடங்குகிற நேரம். பிடி தளர்ந்தது, கண் எங்கோ போனது, "தண்ணி குடிக்கியளா சார்?" என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னை ஒருத்தி ஏங்க என்று கூப்பிட்டாள். பூனை செத்துப்போனதற்கு ஒருத்தி துட்டி கேட்டாள்.

மறுநாள் அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது. காத்திருந்தேன், கேட்டாள், சொன்னேன், முகம் நின்றது, குவிந்தது, உடைந்தது, ஏங்க. மீதி சாகிறதுக்கு முன்னால் இந்த வீட்டில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவள் அப்பா செத்த அன்றுகூட வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், எனக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தியவள். அந்த உலகு என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்புகிறாள். எனக்கு அது பிடித்திருந்தது. முதலில் அவள் திரும்பி வருவதற்காக என்று சொல்லிக்கொண்டேன், அது பொய்யில்லை, ஆனால் வருவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்கிறதே, செய்தி உள்ளே இறங்கி அவள் முகம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற கணம், அதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்காமல். மாரிக்கனி ஒருநாள் துடைப்பத்தோடு நின்று கேட்டுவிட்டாள். "சார், வாயில்லா ஜீவன, செத்தத திரும்பத் திரும்பச் சாவடிக்கிய. அம்மா அழுது முடிச்சா எனக்குத் தலவலி வந்துருது. நான் வடிவு அக்காட்டச் சொல்லிருவேன்." சொல்லிக்கொள் என்றேன். அதன்பிறகு அவள் வேலை முடிந்து போனதும்தான். இரண்டு மூன்று வாரத்தில் அழுகை குறைய ஆரம்பித்தது. செய்தி என்னவோ அவளுக்குப் புதுசுதான், ஆனால் உள்ளே எங்கோ பழகிவிட்டதுபோல, சீக்கிரம் ஓய்ந்தது. ஏங்க என்று வந்தவள் வந்த வேகத்தில் போனாள். அப்போது சேர்த்துச் சொன்னேன். சாகும்போது உன்னைத் தேடிச்சு உலகு, அறை அறையா உன்னைத் தேடிக் கத்திச்சு. அது தேடவில்லை, கத்தவில்லை, என்னிடம்தான் வந்தது. கொஞ்சம் கூட நேரம் அழுதாள். இன்னொரு நாள், பால் கேட்டுச்சு, நீ குடுக்கல என்றேன். தலையிலே அடித்துக்கொண்டாள். வளையல் உடைந்து நெற்றியில் கீறிவிட்டது. "நான் குடுக்கலியா? ஏங்க, நானா குடுக்கல? நீங்களாவது சொல்லியிருக்கலாம்லா" என்று என் மார்பில் முட்டினாள். அன்றைக்குத்தான் நெடுநேரம் இருந்தாள். காப்பி போட்டுக் குடிக்கிறவரைக்கும் உலகாகவே இருந்தாள், சீனி ஜாஸ்தி என்று என்னைத் திட்டினாள். நெற்றிக் கீறலுக்கு மருந்து போட்டபடி, நாளைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு நாய். நாய் கடித்துக் குதறியது என்று சொல்லப் போகிறேன், காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வாசலில் நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்று சொல்ல வேண்டும். குடல் வெளியே வந்துவிட்டது என்று. வேண்டாம், அது வேண்டாம், வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம். மனிதன்தானா நான் என்று ஒரு குரல் கேட்கத்தான் செய்கிறது, அது கேட்டுக்கொண்டே இருக்கட்டும். பேப்பர் விசிறுகிறது, கை கடுக்கிறது, மாற்றுக் கையால் விசிறுகிறேன். பயமாக இருக்கிறது. நான் முதலில் போய்விட்டால் இவளிடம் யார் சொல்வார்கள், வடிவு சொல்ல மாட்டாள், வெளிய போயிருக்காரு வந்துருவாரு என்பாள், இவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், எதற்காக நிற்கிறோம் என்பதும் மறந்துபோகும். அதைவிட இன்னொரு பயம் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வரவிடுவதில்லை, அதுதான் இப்போது இந்த வெக்கையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கடைசிக் கவளத்தைத் தின்றுவிட்டாளே. பசியாக இருந்திருக்கும். காலையில் இட்லி சரியாகச் சாப்பிடவில்லை, அதனாலிருக்கும். "உலகு" என்கிறேன். ஜன்னலைப் பார்க்கிறாள். "வெக்கையா இருக்கோ?" "ஆமா சார்." அவ்வளவுதான். எழுந்துபோய் பிரிட்ஜுக்குப் பின்னால் மாரிக்கனி ஒளித்து வைத்திருக்கிற மீதியின் அலுமினியத் தட்டை எடுத்து வந்தேன், ஓரம் நசுங்கிய தட்டு, அவள் காலடியில் வைத்தேன், டொக்கென்று சத்தம் வருகிறமாதிரி. குனிந்து பார்த்தாள். மிதித்துவிடாமலிருக்கக் காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"மீதி" என்றேன். "என்ன மீதி?" என்றாள். "நம்ம மீதி. பூனை." அவள் யோசித்தாள், மரியாதைக்காக யோசிப்பதுபோல. நான் பொறுக்கவில்லை, சொல்ல ஆரம்பித்துவிட்டேன், அவள் கேட்காமலேயே முதல்முறையாகச் சொல்கிறேன். "மீதிய நாய் கடிச்சிட்டு. நம்ம வாசல்லயே. குதறிப் போட்டுட்டு. செத்துப்போச்சு உலகு." அவள் முகத்தைப் பார்த்தேன். நிற்க வேண்டும், இப்போது நிற்கும், உதடு துடிக்கும். "அடப் பாவமே" என்றாள். "எப்பம் சார்?" "இன்னிக்கு." "உங்க வீட்டுப் பூனையா?" "நம்ம வீட்டுப் பூனை. நீ எடுத்துட்டு வந்த பூனை. பின்வீட்டு மாடில, தொட்டிக்குள்ள கெடந்துச்சு, முந்தானையில சுத்தி நீதான் தூக்கிட்டு வந்த. நீதான் பேரு வச்ச." "நாங்க பூனை வளக்கறதில்ல சார்" என்றாள் பொறுமையாக, பாடம் புரியாத பிள்ளையிடம் பேசுவதுபோல. "எங்க வீட்டுக்காரவியளுக்குப் பூனைன்னா ஆகாது." குடல் வெளியே வந்துவிட்டது என்றேன். உன்னைத் தேடிக் கத்திக்கொண்டே செத்தது என்றேன். நீ பால் குடுக்கவில்லை என்றேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன், சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டி, த்சு த்சு என்று நாக்கைத் தட்டி இரங்கினாள், யார் வீட்டுக் கஷ்டத்தையோ பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்து கேட்பதுபோல. அதுவும் போய்விட்டது. இவளிடத்தில் இருந்த பூனையும் போய்விட்டது, இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது, இப்போது ஒரேயடியாக. இனிமேல் உலகத்தில் அதை அறிந்தவன் நான் ஒருத்தன். வேட்டியில் அந்த ஈரம் சூடாகப் படர்ந்து ஆறியது, இப்போது நடப்பதுபோல் தொடையில் தெரிந்தது.

அழுதேன். என் சத்தமா என்று எனக்கே தெரியவில்லை, மூக்கு ஒழுக, வாய் கோண. பேப்பர் கீழே விழுந்தது. முதலில் அவள், "அழக் கூடாது சார், ஆம்பள அழலாமா" என்று பேப்பரை எடுத்து எனக்கு விசிறினாள். கொஞ்ச நேரம் விசிறினாள். நான் நிறுத்தவில்லை. விசிறல் நின்றது. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அவள் நாற்காலியின் ஓரத்துக்கு ஒடுங்கிப் போயிருந்தாள், பேப்பரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள், முன்பின் தெரியாத ஓர் ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அழுதால் ஒரு பெண்பிள்ளை எப்படிப் பயப்படுவாளோ அப்படி. உள்ளறைப் பக்கம் திரும்பி, "ஏங்க" என்று கூப்பிட்டாள். "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்." எந்த ஒரு வார்த்தைக்காக அந்த ஜீவனை நான் தினம் தினம் கொன்றேனோ அந்த வார்த்தை என் தலைக்கு மேலாக உள்ளறைக்குப் போனது. "இந்தா இருக்கேன் உலகு" என்றேன். "உங்களக் கூப்பிடல சார்" என்றாள், வெடுக்கென்று, பழைய குரலில். "ஏங்க! உள்ள என்ன செய்யுதிய?"

எழுந்தேன். அவள் கூப்பிட்ட இடத்திலிருந்து வந்தாலாவது என்று நினைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், குளியலறையில் முகத்தைக் கழுவினேன், தலையைப் படிய வாரினேன், வெளியே போட்டுக்கொள்கிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நிலைக்கதவைத் தாண்டி வந்து நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை என்மேல் வந்தது, தங்கவில்லை, என்னைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் அறைக்குள் போய்த் தேடியது. "அவிய உள்ள இல்லையா சார்?" என்றாள். "இல்ல" என்றேன். "எங்க போயிருக்காவ?"

வெளிய போயிருக்காரு, வந்துருவாரு. இதைத்தான் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்லியிருக்கிறார், வடிவு சொல்லியிருக்கிறாள். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. நான் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன், முகம் நன்றாகத் தெரிகிறமாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"செத்துப்போயிட்டாரும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வெயிலில் ஜன்னல் கம்பியின் நிழல் அவள் மடியில் கிடந்தது. உதடு துடிக்கவில்லை. மெல்ல, "சாகும்போது யாரு பக்கத்துல இருந்தா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல" என்றேன்.

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.